தண்ணீர் போன திசை

அந்த நாடு முழுவதையும்
சித்திரையில் வைகைக்குள் இறக்கி நிறுத்தினாலும்
அழகர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குக்
கூட்டம் சேராது.
இதைச் சொன்னபோது ஷிஃபா கோபப்படவில்லை.
"ஐ.நா.வில் எங்களுக்கு ஒரு நாற்காலி இருக்கு.
உன் மதுரைக்கு இருக்கா?" என்றாள்.

மாலேயில் எக்ஸ்ரே அறையில் ஐந்து வருஷம்.
ஒரு மணி நேரம் நடந்தால்
தலைநகரம் தீர்ந்துவிடும்,
புறப்பட்ட டீக்கடைக்கே வந்து நிற்பேன்.
சுற்றிலும் தண்ணீர். ஆறு மட்டும் கிடையாது.
ஆறு எப்படி இருக்கும் என்று கேட்டாள்.
போனில் இருந்த வைகையைக் காட்டினேன்:
ஆகாயத்தாமரை, நாலு எருமை,
ஸ்டம்பு நட்டு ஆடும் செல்லூர்ப் பையன்கள்.
"தண்ணி எங்கே?"
வரும் என்றேன்.

நாங்கள் தாயம் ஆடிய சோழியெல்லாம்
அவள் ஊர்க் கடலில் எடுத்ததாம்.
ஒரு காலத்தில் அதுதான் காசு,
கப்பல் கப்பலாகக் கொடுத்து
அரிசி வாங்கியிருக்கிறார்கள்.
"எங்க காசை உருட்டி விளையாடியிருக்கீங்க."
விடுவேனா நான்?
சோழ ராஜா ஒருத்தர்
உங்கள் தீவுகளை ஜெயித்ததாகக் கல்லில் வெட்டியிருக்கிறார்,
பன்னிரண்டாயிரம் தீவு.
"ஆயிரத்து இருநூறுதானே இருக்கு,
யார் எண்ணினது?"
சொன்ன பிறகுதான் உறைத்தது,
தோற்றவர்கள் வரிசையில்
எங்கள் பாண்டியனும் அதே கல்லில் நிற்கிறான் என்று.
அந்தப் பேச்சை அத்தோடு விட்டேன்.

இரண்டாயிரத்துப் பதினாலு, டிசம்பர்.
கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் தீப்பிடித்தது.
மறுநாள் குழாயைத் திறந்தால்
காற்று இருமியது.
ஆஸ்பத்திரியில் கை கழுவப் பாட்டில் மூடியால் அளந்தோம்.
அப்புறம் விமானம் வந்தது. எங்கள் விமானம்.
வரிசையில் நிற்கும்போதே
கொஞ்சம் நிமிர்ந்து நின்றேன், மறைக்கவில்லை.
என் முறை வந்தது. அட்டையைப் பார்த்தார் பையன்.
"உள்ளூர்க்காரங்களுக்கு முதல்ல, அக்கா."

ஷிஃபா தன் பங்கில் இரண்டு பாட்டில் கொடுத்தாள்.
"எடுத்துக்கோ, உங்க ஊர்த் தண்ணிதானே."

அன்றிரவு சோணைமுத்து பேசினார்.
லாரி வந்து ஒன்பது நாளாச்சாம்.
விடியற்காலை மூன்று மணிக்கு,
கிணற்றுத் தெரு முக்கில்,
பெண்கள் வரிசையில் ஒரே ஆம்பளையாக
நாலு குடத்தோடு நின்றிருக்கிறார்.
"டி.வி.யில காட்டினான் பாத்தியா,
அரக்கோணத்துலருந்து ஏத்துறாங்களாம்
உங்க ஊருக்கு."
உங்க ஊரு என்றார்.
எந்த ஊரைச் சொல்கிறார் என்று
எனக்கு ஒரு நொடி புரியவில்லை.

பிறகு ஒருநாள்
அட்லஸில் ஸ்கேல் வைத்துக் கோடு கிழித்தேன்,
அரக்கோணத்துக்கும் மாலேக்கும்.
மதுரையை ஒரு விரற்கடை விலகி
ஏறக்குறைய வைகை அணைமேல் போகிறது கோடு.
விமானங்கள் நேர்கோட்டிலா போகின்றன?
தெரியாது.
தப்பென்று சொல்லவும் முடியவில்லை, அந்த விமானத்தை.
நானும் குடித்தேனே.

இப்போது அண்ணாநகரில் ஒரு ஸ்கேன் சென்டர்.
அங்கே வந்தது தொண்டையில் மீன்முள், பைக்கில் முறிந்த கால்.
இங்கே பைக்கில் முறிந்த கால்,
சிறுநீரகக் கல்,
கல், இன்னொரு கல்.
டாக்டர் எல்லோருக்கும் ஒரே வரி எழுதுகிறார்:
நிறையத் தண்ணீர் குடிக்கவும்.

ஷிஃபா குரல் அனுப்பியிருந்தாள் நேற்று.
அவள் தெருவுக்குப் புதுத் தடுப்புச்சுவர் கட்டுகிறார்களாம்,
கடல் ஒரு சாண் ஏறினால் என்ன ஆகும் என்று
மகன் பள்ளிக்கூடத்தில் படம் வரைகிறானாம்.
பேச்சு முடிகிற இடத்தில் கேட்டாள்:
"அவ்வளவு தரைக்கு நடுவுல,
எந்தப் பக்கம் ஓடினாலும் கரையே வராதே,
உனக்குப் பயமா இல்லையா?"

பதில் பேச பட்டனை அழுத்தியிருந்தேன்.
தெருமுனையில் லாரி ஹாரன்.
பாதியில் விரலை எடுத்துவிட்டேன் போல,
அவளுக்குப் போய்ச் சேர்ந்தது
குடங்கள் முட்டிக்கொள்ளும் சத்தம் மட்டும்,
பதினோரு நொடி.